ஊசி போட்டும் ஃப்ளூ வந்தால், ஊசி எதற்கு?

நவம்பர் 6

தேவகோட்டை வாசகி ஒருவரின் கேள்வி: "போன வருடம் காசு கொடுத்து ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டேன். பத்து நாள்கூட ஆகவில்லை, காய்ச்சல் வந்து ஒரு வாரம் எழுந்திருக்க முடியவில்லை. ஊசி போடாத என் கொழுந்தனார் வீட்டில் எல்லோரும் நன்றாக இருந்தார்கள். இந்த வருடமும் போடச் சொல்கிறார்கள். வீண் செலவுதானே?"

நவம்பர் 6, இரவு

எனக்கும் இதேதான் நடந்தது. வீண் என்றுதான் நானும் நினைத்தேன், இன்னும் பாதி மனசு அப்படியே சொல்கிறது.

நான் காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூர். வீட்டில் பலகார ஆர்டர் எடுத்துச் செய்கிறேன், கூட ஐந்து பேர் வேலைக்கு வருகிறார்கள். போன டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குத் தேன்குழல் பிழிந்துகொண்டிருந்தேன். ஏழரைக்கு அச்சை அழுத்தக் கையில் பலம் இல்லை. எட்டு மணிக்கு இரண்டு போர்வைக்குள் பல் கிட்டுகிறது. சளிக்காய்ச்சல் என்றால் தொண்டையில் கரகரப்பு, மூக்கில் நீர் என்று மெதுவாக வரும். இது அப்படி வரவில்லை. கண்ணை அசைத்தால் கண்ணுக்குள் வலி, இடுப்பு எலும்பை முறுக்கிப் பிழிவது போல வலி, 103 காய்ச்சல், வறட்டு இருமல். காய்ச்சல் நான்கு நாள், இருமல் மூன்று வாரம். சீப்புச் சீடை 40 கிலோ ஆர்டர் கைவிட்டுப் போனது.

அதற்கு ஐந்து நாள் முன்னால்தான் ஊசி போட்டிருந்தேன். கோபம் வராமல் என்ன செய்யும்?

நவம்பர் 7, காலை

ராத்திரி எழுதியதைக் காலையில் படித்தேன். "ஐந்து நாள் முன்னால்" என்று நானே எழுதியிருக்கிறேன், அந்த ஐந்தைப் பற்றி யோசிக்கவே இல்லை.

வியாழக்கிழமை ஊசி. ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில் ஒரு கல்யாணம். செவ்வாய் இரவு காய்ச்சல். ஃப்ளூ கிருமி உடம்புக்குள் போய்க் காய்ச்சலாகத் தெரிய ஒன்று முதல் நான்கு நாள் ஆகும், பெரும்பாலும் இரண்டு நாள். ஆக நான் அதைக் கல்யாண மண்டபத்தில் வாங்கியிருக்கிறேன். ஊசி போட்டபின் உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் தயார்செய்ய சுமார் இரண்டு வாரம் ஆகும். மாவைக் கரைத்த கையோடு தோசை ஊற்றிவிட்டுப் புளிக்கவில்லையே என்று கேட்பது போலத்தான் என் கோபம் இருந்திருக்கிறது.

தேவகோட்டை ஆச்சி, நீங்களும் "பத்து நாள்கூட ஆகவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். தேதியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

நவம்பர் 7, மதியம்

"ஊசிதான் காய்ச்சலைக் கொடுத்தது, கிருமியை உள்ளே ஏற்றினால் வராமல் என்ன செய்யும்" என்று ஒருவர். கையில் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. கொன்று, உடைத்து, அதன் துண்டுகளை, முக்கியமாக மேல்தோல் புரதத்தை, எடுத்துத் தருகிறார்கள். அது பெருக முடியாது. மூக்கில் பீய்ச்சும் மருந்து ஒன்று உண்டு, அதில்தான் பலவீனமாக்கிய உயிர்க்கிருமி இருக்கிறது. அது வேறு. ஊசி போட்ட அன்று கை வலிக்கும், சிலருக்கு ஒரு நாள் லேசான காய்ச்சலும் அசதியும் இருக்கும். எனக்குத் தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. அந்த வலிக்கும் செவ்வாய்க்கிழமை வந்ததற்கும் சம்பந்தம் இல்லை.

நவம்பர் 9

முட்டை விஷயம். இதைக் கேட்டவர் எங்கள் தெருவில் இருக்கும் ஆச்சி ஒருவர், வயது 81, பிறந்ததிலிருந்து சுத்த சைவம். கேக்கில் முட்டை இருக்கிறது என்று பேரன் பிறந்தநாளில்கூடத் தொட மாட்டார்கள். "அந்த ஊசி முட்டையில செய்யிறதாமே, நெசமா?"

நிஜம்தான், மறைக்க விரும்பவில்லை. 1940களிலிருந்து ஃப்ளூ தடுப்பூசியை பெரும்பாலும் கருவுற்ற கோழிமுட்டைக்குள் வைரஸை வளர்த்துத்தான் எடுக்கிறார்கள். வளர்த்தபின் சுத்திகரிக்கிறார்கள், கடைசியில் முட்டைப் புரதம் மிகமிகச் சிறு அளவில் மிஞ்சலாம். முட்டை இல்லாமல் செல்களில் வளர்த்துச் செய்யும் ஊசியும் உலகத்தில் இருக்கிறது. நான் விசாரித்த இரண்டு மருந்துக்கடைகளில் இருந்தது முட்டையில் வளர்த்ததுதான்.

இதை அப்படியே ஆச்சியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "முட்டை எனக்குள்ள போகுதா, இல்ல முட்டைக்குள்ள இருந்தது வருதா?" என்று கேட்டார்கள். இரண்டாவதுதான் என்றேன். "பெரியவுக கிட்டக் கேட்டுச் சொல்றேன்" என்றார்கள். இன்னும் சொல்லவில்லை. நான் திரும்பக் கேட்கப்போவதும் இல்லை, அவர்கள் வாழ்நாள் முழுக்கக் காத்த விரதம் அது. அலர்ஜி பயத்தில் கேட்பவர்களுக்கு மட்டும் தனியாக: முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களும் போடலாம் என்றுதான் இப்போது சொல்கிறார்கள், ஆனால் ஊசி போடும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இந்த ஊசி நான்கு வகை ஃப்ளூ வைரஸுக்கு எதிரானது. ஏ வகையில் இரண்டு, பி வகையில் இரண்டு.

நவம்பர் 9, இரவு

கொழுந்தனார் வீட்டுக் கணக்கைப் பற்றி. ஊசி போடாதவர்கள் நன்றாக இருந்தார்கள் என்றால், அந்த வருடம் கிருமி அவர்கள் வீட்டு முகப்பைத் தாண்டவில்லை, அவ்வளவுதான். ஒரு வீட்டை வைத்து முடிவுக்கு வரமுடியாது. என் ஒரு காய்ச்சலை வைத்தும் முடிவுக்கு வரமுடியாது என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

நவம்பர் 12

இதை எழுத வேண்டாம் என்று இருந்தேன். மூன்று நாளாகத் தூக்கம் சரியில்லை, எழுதிவிடுகிறேன்.

போன வருடம் சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணன் மகள் தொல்லை தாங்காமல்தான் ஊசி போடப் போனேன். அவள் சொன்னது இரண்டு பேருக்கு, எனக்கும் அப்பச்சிக்கும் (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்). அப்பச்சிக்கு 76 வயது. 20 வருடத்துக்கு மேலாகச் சுகர், இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வைத்த ஒரு ஸ்டென்ட். ஒரு ஊசி ஆயிரத்து எண்ணூறு ரூபாய் என்றார்கள். நான் ஒன்றுதான் வாங்கினேன். அப்பச்சி வீட்டோடு இருக்கிறார்கள், கோயிலுக்குக்கூட இப்போது போவதில்லை, அவர்களுக்கு யார் மூலம் வரப்போகிறது என்று நினைத்தேன்.

என் மூலம் வந்தது.

எனக்குக் காய்ச்சல் வந்த முதல் இரண்டு நாளும் அப்பச்சிக்கு நான்தான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். முகக்கவசம் போடவில்லை. காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே ஃப்ளூ பரவ ஆரம்பித்துவிடும், அதற்குப் பிறகு ஐந்து முதல் ஏழு நாள் பரவும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை அப்பச்சி சரியாகச் சாப்பிடவில்லை. காய்ச்சல் பார்த்தேன், 99தான் இருந்தது. எனக்கு 103 அடித்ததால் 99ஐ நான் காய்ச்சலாகவே மதிக்கவில்லை. வயதானவர்களுக்குக் காய்ச்சல் ஏறாமலே உடம்பு உள்ளே கெடும் என்று பிறகு டாக்டர் சொன்னார். சனிக்கிழமை என்னை ஆத்தா, அதாவது என் அம்மா, பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆத்தா போய் ஒன்பது வருடம் ஆகிறது. தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன். ஞாயிறு விடியற்காலை வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் விழுந்து கிடந்தார்கள். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் அலமாரியில் கிடந்தது, விரலில் மாட்டினேன். ரத்தத்தில் ஆக்சிஜன் 88 சதவீதம்தான்.

காரைக்குடியில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனையில் இன்ஃபுளுயென்சா ஏ, அதாவது ஏ வகை ஃப்ளூ. நெஞ்சில் நிமோனியா. வைரஸுக்கான மாத்திரையை, ஒசெல்டாமிவிர், அன்றைக்கே தொடங்கினார்கள். "முதல் 48 மணி நேரத்தில் கொடுத்திருந்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும், இருந்தாலும் அட்மிட் ஆனவர்களுக்குத் தாமதமானாலும் கொடுப்போம்" என்றார் டாக்டர். ஏழு நாள். பில் ஒரு லட்சத்துக்கு மேல். ஆயிரத்து எண்ணூறை மிச்சம் பிடித்தவள் நான்.

அப்பச்சி பிழைத்து வந்தார்கள். ஆனால் முன்பு தினமும் வாசல் திண்ணை வரை நடந்தவர்கள், இப்போது பட்டாலையில், வீட்டுக் கூடத்தில், தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஆறாம் தேதி ராத்திரி "வீண் என்று பாதி மனசு சொல்கிறது" என்று எழுதினேனே, அதை வாபஸ் வாங்குகிறேன். எனக்குக் காய்ச்சல் வந்ததா இல்லையா என்பதை வைத்து ஊசியை எடைபோட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வந்தது நான்கு நாள் படுக்கை. அப்பச்சிக்கு வந்ததை வைத்துத்தான் நான் எடைபோட்டிருக்க வேண்டும்.

நவம்பர் 13

திருத்தம். ஒன்பதாம் தேதி "நான்கு வகை" என்று எழுதியது பழைய கணக்கு. பி வகையில் யமகட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகத்தில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. கொரோனாவுக்காக எல்லோரும் கதவடைத்து இருந்ததில் அது மறைந்துவிட்டது என்கிறார்கள். அதைத் தடுப்பூசியில் சேர்க்கத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் சொல்லிவிட்டது. மூன்று வகை ஊசி என்று எழுதியிருந்தால் ஒன்று குறைத்து ஏமாற்றுகிறார்கள் என்று பயப்பட வேண்டாம்.

இன்னொன்று. ஊசி போட்டால் வரவே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊசியும் ஊரில் சுற்றும் வைரஸும் நன்றாகப் பொருந்தும் வருடத்தில்கூட, டாக்டரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வருவதை 40 முதல் 60 சதவீதம்தான் குறைக்கும். ஏ வகையில் ஒன்றான ஹெச்3என்2 சுற்றும் வருடத்தில் அதைவிடக் குறைவு. வயதானவர்களுக்கும் குறைவாகவே வேலை செய்கிறது, அதாவது யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கு. எனக்கு இது மிகவும் வருத்தமான விஷயம். இருந்தும் ஆஸ்பத்திரி வரை போவதை அது குறைக்கிறது. என் கணக்கு அதில்தான் நிற்கிறது.

நவம்பர் 13, மாலை

வருடா வருடம் ஏன் போடவேண்டும், அம்மைக்குப் போடுவது போல ஒரே தடவை போட்டால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். வைரஸ் தன் மேல்தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. போன வருடத்து ஊசியின் பலமும் மாதக்கணக்கில் குறைகிறது. உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியில் பூமியின் வட பாதிக்கும் செப்டம்பரில் தென் பாதிக்கும், எந்த வைரஸைச் சேர்ப்பது என்று சொல்கிறது. தயாரிக்க ஆறு மாதம் ஆகும். அந்த ஆறு மாதத்தில் வைரஸ் வேறு பக்கம் திரும்பிவிட்டால் பொருத்தம் குறையும்.

நம் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழையோடுதான் இது தலைதூக்குகிறது. வடக்கே பல இடங்களில் தென்மேற்குப் பருவமழையிலேயே வந்துவிடும். ஆகவே நமக்குப் புரட்டாசியிலேயே போட்டுவிடுவது நல்லது. நான் எழுதிக்கொண்டிருப்பது கார்த்திகை நெருங்கும்போது, இந்த வருடமும் தாமதம்தான்.

நவம்பர் 15

நிலவேம்பு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் குடிப்போம். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்பாடகம், சுக்கு, மிளகு என்று ஒன்பதும் சேர்த்துக் காய்ச்சுவது. எங்கள் ஆயா (பாட்டி) இருந்தவரை காய்ச்சல் வீட்டுக்குள் வந்தால் இந்தக் கசப்பும் வந்துவிடும். நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பதும், மிளகு ரசமும், நாட்டுக்கோழி ரசமும் எனக்குப் பிடித்தவை. தொண்டைக்கு இதம், உடம்புக்கு நீர் சேரும். அதற்காக அது ஊசிக்குப் பதில் என்று நான் சொல்லமாட்டேன். அப்பச்சி விழுவதற்கு முந்தின நாள்வரை மூன்று வேளையும் நிலவேம்பு கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆன்டிபயாடிக் வேறு கதை. வேலைக்கு வரும் பெண் ஒருத்தி மருந்துக்கடையில் "காய்ச்சலுக்கு" என்று கேட்டு அஜித்ரோமைசின் மூன்று மாத்திரை வாங்கி வந்தாள். அது பாக்டீரியாவுக்கு. ஃப்ளூ வைரஸை அது ஒன்றும் செய்யாது. 2023 மார்ச்சில் ஹெச்3என்2 நாடு முழுக்கப் பரவியபோது இந்திய மருத்துவ சங்கமே இதை நிறுத்தச் சொல்லி அறிக்கை விட்டது. ஃப்ளூவுக்குப் பின்னால் பாக்டீரியா நிமோனியா சேர்ந்தால் ஆன்டிபயாடிக் வேண்டும், ஆனால் அது டாக்டர் நெஞ்சைப் பார்த்துச் சொல்லவேண்டியது. மழைக்காலத்தில் டெங்குவும் சுற்றுகிறது என்பதால் வலிக்கு ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் என்று கையில் கிடைத்ததைப் போடாதீர்கள், பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு ஃப்ளூவில் ஆஸ்பிரின் கூடவே கூடாது.

அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரி. அவளுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்தது நான் நான்காம் நாளே அடுப்படிக்குத் திரும்பியதால்தான். அவர்களுக்குப் படுத்த நாளின் கூலியைக் கொடுத்தேன். இந்த வருடம் ஐந்து பேருக்கும் ஊசிச் செலவு என்னுடையது என்று சொல்லியிருக்கிறேன். மூவர் சரி என்றார்கள். இருவர் யோசிக்கிறார்கள், வற்புறுத்தவில்லை.

நவம்பர் 16

அப்பச்சியிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, எட்டு வயதில் இதே வீட்டுப் பட்டாலையில் பாய் பாயாகப் பதினோரு பேர் வரிசையாகப் படுத்திருந்ததைச் சொன்னார்கள். "அம்மான் கப்பல்ல வந்தாக, பின்னாலயே காச்சலும் வந்துச்சு." தேடிப் பார்த்தேன், வருடம் பொருந்துகிறது. 1957ல் ஆசிய ஃப்ளூ சிங்கப்பூரில் பரவி, அங்கிருந்து வந்த கப்பல் பயணிகளோடு மே மாதம் சென்னைத் துறைமுகம் வழியாகத்தான் இந்தியாவுக்குள் நுழைந்தது. கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, கடல்தாண்டிய ஊர் நம்முடையது. ஒவ்வொரு வீட்டிலும் சிங்கப்பூர், மலேசியா, பர்மா என்று ஆள் போய் வந்துகொண்டிருந்தார்கள். இன்று கப்பலுக்குப் பதில் திருச்சி விமான நிலையம். டிசம்பரில் பிள்ளைகள் வந்து இறங்கும்போது அப்பச்சி சொன்ன வரிதான் எனக்கு நினைவில் இருக்கும்.

நவம்பர் 18

"அமெரிக்காவில் இந்த ஊசி போட்டுக் கைகால் விளங்காமல் போனார்களே, அதையும் எழுதுங்கள்" என்று சொந்தக்காரர் ஒருவர் போனில் அழுத்திக் கேட்டார். நியாயமான கேள்வி.

நடந்தது 1976ல். பன்றிக் காய்ச்சல் பெருவாரியாக வரப்போகிறது என்று அஞ்சி அங்கே 4 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டார்கள். கில்லன் பாரே என்ற நரம்பு நோய், ஊசி போட்ட ஒரு லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவில் கூடுதலாக வந்தது. அந்த வருடம் டிசம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். அவர்கள் பயந்த கொள்ளைநோய் வரவும் இல்லை. இப்போதைய ஊசிகளில் அந்தக் கூடுதல், இருக்கும் பட்சத்தில், பத்து லட்சத்துக்கு ஒன்று இரண்டு என்கிறார்கள். ஃப்ளூ வந்தாலும் அதே நரம்பு நோய் வரலாம், அதன் வாய்ப்பு இதைவிட அதிகம். முன்பு இந்த நோய் வந்தவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் போடக்கூடாது.

அவரிடம் நான் பதிலுக்குச் சொன்னது: கனடாவின் ஒன்டாரியோவில் செய்து 2018ல் வெளியான ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வாய்ப்பு சுமார் ஆறு மடங்கு கூடியிருந்தது. ஸ்டென்ட் வைத்த அப்பச்சி வீட்டில் இருக்கும்போது எனக்கு எது பெரிய பயம் என்று அவரே சொல்லட்டும் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "போட்டுக்க ஆத்தா" என்றார்.

நவம்பர் 20

போட்டாயிற்று. அப்பச்சிக்கும் எனக்கும், அடுப்படியில் நான்கு பேருக்கும். யோசித்த இருவரில் ஒருத்தி காலையில் தானாக வந்து நின்றாள்.

ஒரு சங்கடம் நடந்தது. முதலில் போன மருந்துக்கடையில் ஊசி இருந்தது. இந்த மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவேண்டும், உறையக் கூடாது. முந்தின நாள் அந்தத் தெருவில் ஐந்து மணி நேரம் கரன்ட் இல்லை. ஜெனரேட்டர் இருந்ததா என்று கேட்டேன், கடைப்பையன் பதில் சொல்லாமல் முழித்தான். வாங்காமல் வந்துவிட்டேன். அடுத்த இடத்தில் குளிர்ப்பெட்டிக்குள் வெப்பமானி வைத்து, நாளுக்கு இரண்டு தடவை எழுதிய நோட்டைக் காட்டினார்கள். அங்கேயே போட்டுக்கொண்டோம். நீங்களும் கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள். நினைத்தாலும் பரவாயில்லை. பெட்டியில் எந்த வருடத்து ஊசி என்று அச்சடித்திருக்கும், அதையும் பாருங்கள்.

அரசு இலவசத் தடுப்பூசி அட்டவணையில் ஃப்ளூ இல்லை. ஆறு பேருக்கு என் இரண்டு வார லாபம் போய்விட்டது. எல்லோராலும் முடியாது என்று தெரியும். ஒரே ஒரு ஊசிதான் முடியும் என்றால் வீட்டில் மூத்தவருக்கும், சுகர், இதயம், மூச்சு என்று ஏதாவது இருப்பவருக்கும், கர்ப்பிணிக்கும் முதலில் போடுங்கள். போன வருடம் நான் அதைத்தான் தலைகீழாகச் செய்தேன்.

நவம்பர் 21

அப்பச்சிக்குக் கை வலி. வேறு ஒன்றும் இல்லை. நிமோனியாவுக்குத் தனி ஊசி இருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 25

தேவகோட்டை ஆச்சி தேதி எழுதி அனுப்பிவிட்டார்கள். ஊசிக்கும் காய்ச்சலுக்கும் இடையில் எட்டு நாள். பரிசோதனை செய்யவில்லை, ஆகவே அது ஃப்ளூதானா என்பதே தெரியாது. காய்ச்சல் தரும் வைரஸ்கள் எத்தனையோ, ஃப்ளூ ஊசி ஃப்ளூவை மட்டும்தான் பார்க்கும். இந்த வருடம் போடப்போவதாக எழுதியிருக்கிறார்கள். கொழுந்தனார் மறுத்துவிட்டாராம்.

டிசம்பர் 4

கார்த்திகை தீபம் முடிந்தது, பிள்ளையார் நோன்புக்கு நாள் எண்ணத் தொடங்கிவிட்டோம். நாளுக்கு ஒரு நூலாக 21 இழை சேர்த்துத் திரி செய்து, இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, வீட்டின் மூத்தவர் ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பதை அப்படியே சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். எங்கள் வீட்டில் கொடுப்பது அப்பச்சிதான். முப்பது பேருக்கு மேல் வருவார்கள், ஒவ்வொருவர் முகமும் அவர்கள் முகத்துக்கு ஒரு முழம் பக்கத்தில் வரும். சிங்கப்பூர், சென்னை, ஹூஸ்டன் என்று எல்லா ஊர்க் காற்றும் வரும்.

போன தடவை நோன்பன்று மழைக் குளிர் என்று எல்லோரும் கதவை அடைத்துக்கொண்டு ஏசி அறையில்தான் உட்கார்ந்திருந்தோம். அப்பச்சி மதுரையில் இருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகாத நேரம் அது. இவ்வளவு பெரிய வளவு, நடுவில் வானம் பார்த்த வாசல், அதை விட்டுவிட்டு.

இன்றோடு அப்பச்சிக்கு ஊசி போட்டு 14 நாள். வருகிறவர்களுக்கெல்லாம் நேற்றே போனில் செய்தி அனுப்பிவிட்டேன்: இருமல், காய்ச்சல் இருந்தால் சொல்லுங்கள், உங்கள் இழையை முகப்பில் தனியாகக் கொண்டுவந்து தருவேன், யாரும் வருத்தப்பட வேண்டாம். இந்தத் தடவை இழை எடுப்பது வளவில். மழை பெய்தால் பட்டாலைக்கு நகர்வோம், கதவு இரண்டு பக்கமும் திறந்திருக்கும். திரிக்குக் காற்றடிக்குமே என்று அப்பச்சி கேட்டார்கள். நான் கையால் மறைத்துப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.